ஆயிரம் பேரின் சிறு வலியைக் கூட்டினால் ஓர் உயிருக்கு ஈடாகுமா?

ஒரே தொகைதான் கையில் இருக்கிறது. ஒருவர் உயிரைக் காப்பதா, ஏராளமானோரின் சிறு நோவைத் தீர்ப்பதா, கூட்டிப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டலாம். ஆனால் எதை எதோடு கூட்டுகிறோம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும்.

வரம்பில்லாமல் கூட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1990இல் காட்டியது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் எந்தச் சிகிச்சைக்கு முன்னுரிமை என்று 1,600க்கும் மேற்பட்ட இனங்களை வரிசைப்படுத்தினார்கள். சூத்திரம் எளிது. மரணம் 0, முழு ஆரோக்கியம் 1. சிகிச்சையால் இந்த அளவுகோலில் எவ்வளவு ஏற்றம், அது எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று பெருக்கி, செலவை அதனால் வகுக்க வேண்டும். விடை சிறியதென்றால் பட்டியலில் மேலே.

குடல்வால் அறுவைக்குச் செலவு 5,744 டாலர், ஏற்றம் 0.97, காலம் 48 ஆண்டு. பெருக்கினால் 46.56, வகுத்தால் சுமார் 123 டாலர். உள்கூழ் தெரியுமளவு சேதமான பல்லுக்கு மூடி போட 38.10 டாலர், ஏற்றம் 0.08, காலம் 4 ஆண்டு. பெருக்கினால் 0.32; வகுத்தால் சுமார் 119 டாலர். பல் முந்திக்கொண்டது, உயிர் பின்னால் நின்றது! ஓர் அறுவைக்கான பணத்தில் 150 பற்களுக்கு மூடி போடலாம். 150 × 0.32 = 48. கணக்கில் பிழையே இல்லை. செலவு விவரங்கள் சரியில்லை என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் பல்லின் விலையைத் திருத்தினால் அதன் இடத்துக்கு இன்னொரு மலிவான சிறு சிகிச்சை ஏறிவரலாம். அந்த வரிசை கைவிடப்பட்டு, 1991இல் சிகிச்சைகளை வகை பிரித்துப் புதிதாக அடுக்கினார்கள்.

எதிர்முனையில், கூட்டவே கூடாது என்ற தத்துவவாதி ஜான் டாரெக். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஐவர், மருந்து ஒரு பக்கத்துக்கு மட்டுமே போதும் என்றால் நாணயம் சுண்டலாம் என்று 1977இல் வாதிட்டார். ஐந்து மரணங்களையும் சேர்த்து அனுபவிக்கும் ஆள் என்று யாரும் இல்லை என்பது அவர் காரணம். காரணம் கூர்மையானது, முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இழப்பு சமமாக இருக்கும்போது கூடுதலாக நிற்கும் நான்கு பேரின் முறையீட்டுக்கு எடையே இல்லையென்று அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

இடைவழிதான் இன்று பலரும் விவாதிப்பது. இதைப் பயன்படுத்தும் விதம்: முதலில் இருப்பதிலேயே பெரிய இழப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பின் ஒவ்வொரு சிறு இழப்பையும் தனித்தனியாக அதன் அருகில் வையுங்கள். தத்துவவாதி அலெக்ஸ் வூர்ஹூவ் 2014இல் தந்த சோதனை இங்கே கைகொடுக்கும். சிறு இழப்புக்காரர், முன்பின் தெரியாத மற்றவரின் பெரிய இழப்பைத் தடுக்காமல் தன்னுடையதைத் தடுத்துக்கொண்டால் அது நியாயமாகுமா? இரண்டு கால்களையும் இழக்கப்போகிறவர் அப்படிச் செய்தால் குறை சொல்ல மாட்டோம். பல்வலிக்காரர் செய்தால் சொல்வோம். ஆகவே கால்கள் கூட்டலில் சேரும்; பல்வலி எத்தனை கோடியானாலும் சேராது.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. இன்னொரு தத்துவவாதி அலஸ்டேர் நார்கிராஸ் 1997இல் கேட்டது: ஓர் உயிரை விடப் பல பேரின் ஊனம் மோசம், அதைவிட இன்னும் பல பேரின் சற்றுச் சிறிய காயம் மோசம் என்று படிப்படியாக இறங்கினால், கடைசியில் தலைவலியில்தானே வந்து நிற்போம்? நடுவில் எந்தப் படியில் ‘இனிமேல் சேராது’ என்று கோடு கிழிப்பீர்கள்? துல்லியமான இடம் எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு ஈடாகலாம், முதலும் கடைசியும் ஈடாகாது என்று ஒப்புக்கொண்டுதான் இந்தக் கொள்கையைக் கையில் எடுக்க வேண்டும். பல்லுக்கு முன்னால் குடல்வால் நோயாளியைத் தள்ளிவிடுவதைக் காட்டிலும் இந்தச் சங்கடம் தாங்கக்கூடியது என்பேன்.

இதைச் செயல்படுத்தும்போது அடிக்கடி தவறுவது அபாயத்தில். தலைவலி மாத்திரை வாங்க வண்டியை எடுக்கிறோம். விபத்தில் சாக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு, தெரிந்தேதான் போகிறோம். பல லட்சம் பேர் அப்படிப் போனால் யாரோ ஒருவர் இறப்பார். இங்கே தலைவலிக்காக ஓர் உயிரைக் கொடுத்தோம் என்று மேற்படி சோதனையை நீட்டக் கூடாது. பலனும் அபாயமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன, அவர் தனக்காக எடைபோடுகிறார். பலன் ஒருவருக்கு, அபாயம் இன்னொருவருக்கு என்று பிரிந்தால் சோதனை மறுபடி பொருந்தும்.

இன்னொன்று அந்த 0 முதல் 1 வரையிலான அளவுகோல். சக்கர நாற்காலியில் இருப்பவரின் தரத்தை 0.6 என்று வைத்துக்கொள்வோம். அவரை 10 ஆண்டு வாழவைத்தால் கணக்கில் 6தான் வரும். அதே 10 ஆண்டு மற்றவருக்கு 10. ஆரிகனின் திருத்திய திட்டத்தையும் 1992இல் மத்திய அரசு நிராகரித்தது, மாற்றுத்திறனாளிகளுக்கான பாகுபாடு தடைச் சட்டத்தைக் காட்டி. ஆகவே உயிர்காக்கும் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அந்தத் தர எண்ணைப் பெருக்கலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே நோய்க்கான இரண்டு மருந்துகளில் எது மேல் என்று பார்க்க மட்டும் அது பயன்படட்டும்.