அமதெராசு ஒளிந்த குகை: உள்ளே போக முடியுமா?

ஃபுகுவோகாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஊரிலிருந்து அம்மா வருகிறார். ஜப்பானியரின் சூரிய தேவி ஒளிந்துகொண்ட குகையைக் காட்ட ஆசை. உள்ளே போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடந்துவிடுவாரா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருட்டான குகை, அதன் வாசலில் தோரண வாயில், சுற்றிலும் அடுக்கி வைத்த ஆயிரக்கணக்கான கூழாங்கற்கள் என்று நீங்கள் பார்த்திருக்கும் படங்கள் தேவி ஒளிந்த இடத்தை எடுத்தவை அல்ல. மியாசாக்கி மாநிலத்துத் தகச்சிஹோவில் குகைகள் இரண்டு. பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறார்கள்.

712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானின் பழைய நூலான 'கொஜிகி' சொல்லும் கதை இது. சூரிய தேவி அமதெராசுவின் தம்பி சுசனோ வயல் வரப்புகளை உடைக்கிறான், தோலுரித்த குதிரையை நெசவுக் கூடத்துக்குள் வீசுகிறான். மனம் வெறுத்த அமதெராசு குகைக்குள் போய்ப் பாறைக் கதவை அடைத்துக்கொள்ள, உலகம் இருண்டுபோகிறது. எண்பது லட்சம் தேவர்களும் ஆற்றங்கரையில் கூடி யோசிக்கிறார்கள். கவிழ்த்த தொட்டியின் மேல் ஏறி உசுமே என்ற பெண் தெய்வம் ஆடிய ஆட்டத்தில் தேவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வெளியே என்ன சத்தம் என்று தேவி கதவை லேசாகத் திறந்ததுமே தாஜிகராவோ என்ற பலசாலித் தேவன் அவள் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறான். திரும்பவும் உள்ளே போகாதபடி பின்னால் ஒரு கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். கோயில்களில் நீங்கள் பார்க்கும் வைக்கோல் புரிக்கயிற்றுக்கு இந்தக் கயிற்றைத்தான் மூலமாகச் சொல்வார்கள்.

தேவி ஒளிந்த குகை, அமனோ இவாதோ கோயிலின் மேற்குச் சந்நிதிக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரைப் பாறைச் சரிவில் இருக்கிறது. அதற்குள் யாரும் போக முடியாது. அந்தக் குகையே தெய்வம் என்பதால் இந்தச் சந்நிதியில் தனியாகக் கருவறை கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் பூசாரி வழிபாட்டுக் கூடத்தின் பின்புறம் அழைத்துப்போய், எதிர்க்கரையைக் காட்டி விளக்குவார். படம் எடுக்கக் கூடாது. விளக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும் என்பதால் அம்மாவுக்குக் கதையை முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கண்ணுக்குப் பெரும்பாலும் மரமும் செடியும்தான் தெரியும். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் என் கணக்கில் இங்கே முதலில் நின்றுவிட்டு அடுத்த குகைக்குப் போவதே சரி.

அந்த அடுத்த குகைதான் தேவர்கள் கூடி யோசித்த அமனோ யசுகவரா. மேற்குச் சந்நிதியிலிருந்து ஆற்றோரமாக மேல்நோக்கிப் பத்து நிமிட நடை. இதற்குள் தாராளமாகப் போகலாம், படமும் எடுக்கலாம். அகலம் சுமார் 40 மீட்டர், ஆழம் 30 மீட்டர், உள்ளே ஒரு சிறு சந்நிதி. முழங்கால் விஷயத்துக்கு வருவோம். சாலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கப் படிகள் உண்டு. இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதுதான் கஷ்டம். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ, ஒரு கைத்தடி, அவசரமில்லாத நடை இருந்தால் சாதாரண வலி உள்ளவர்கள் போய் வந்துவிடலாம். வலி அதிகமென்றால் முதல் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கற்களை வேண்டுதலுக்காக மற்றவர்கள் அடுக்கியிருக்கிறார்கள். தட்டிவிடாமல் நடங்கள், ஒன்றையும் எடுத்து வராதீர்கள். நம் கோயில்போல வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. தோரணத்தில் ஒருமுறை தலைவணங்கி, தண்ணீர்த் தொட்டியில் கையையும் வாயையும் சுத்தம் செய்துகொண்டு, சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். வீட்டில் துக்கம் நடந்து ஐம்பது நாள் ஆகவில்லை என்றால் ஜப்பானியர்கள் பொதுவாகக் கோயிலுக்குப் போவதைத் தவிர்ப்பார்கள்.

ஒரே நாளில் போய்வருவதை நான் சொல்ல மாட்டேன். தகச்சிஹோவுக்கு ரயில் கிடையாது. இருந்த பாதையும் 2005-இல் சூறாவளியில் சேதமாகி மூடப்பட்டது. ஃபுகுவோகாவிலிருந்து பேருந்தில் போக மட்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஊர் மையத்திலிருந்து அமனோ இவாதோ கோயில் 8 கிலோமீட்டர் போல. அதற்கு உள்ளூர்ப் பேருந்துகள் குறைவு, ஆகவே இறங்கியதுமே திரும்பும் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு போவதால் டாக்சியே நல்லது.

ராத்திரி தங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் தகச்சிஹோ கோயிலில் தினமும் இரவு 8 மணிக்கு ஒரு மணி நேரம் ககுரா என்ற கோயில் ஆட்டம் நடக்கும். தாஜிகராவோ குகையைத் தேடுவது, உசுமேயின் ஆட்டம், பாறைக் கதவைப் பெயர்த்து எறிவது என்று பகலில் பார்த்த கதை அங்கே முகமூடியோடு வரும். தரையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் சுவரோரமாக இடம் பிடியுங்கள். கடைசி ஆட்டத்தில் ஆதித் தம்பதி இசனாகியும் இசனாமியும் அரிசி மது காய்ச்சிக் குடித்துவிட்டுக் கொஞ்சிக் குலாவுவார்கள், கூட்டத்துக்குள்ளும் வந்துவிடுவார்கள். அம்மா கூச்சப்படுபவர் என்றால் முன்வரிசை வேண்டாம்.