முதியோர் இல்லத்துக்கு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: சில்லறை உரிமம் பெற்று மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் மருந்து கொடுக்கிறேன். மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல்படி, ஒவ்வொருவருக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பாவில் மாத்திரைகளைப் போட்டு அனுப்புவோம். சர்க்கரை நோயே இல்லாத ஓர் அம்மாவின் டப்பாவில் கிளிமிபிரைடு மாத்திரை கலந்துவிட்டது. சர்க்கரை இறங்கி, மருத்துவமனையில் இருந்து, இப்போது தேறிவிட்டார். மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இல்லத்து ஊழியர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று பதில் அனுப்பலாமா?

பதில்: அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஊழியர் கவனிக்கத் தவறியது நிரூபணமானால் இல்லமும் பொறுப்பேற்க நேரும். ஆனால் உங்கள் பொறுப்பு அதனால் தீராது. டப்பாவில் மாத்திரை போட்டது உங்கள் கடை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86-ஆவது பிரிவுப்படி, விற்பவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே பாதிப்புக்கு முக்கியக் காரணமானால் அவரே பொறுப்பு. அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டதை அப்படிப்பட்ட மாற்றம் என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். சேவைக் குறைபாடு என்றும் சேர்த்துக் கேட்பார்கள். புகார் கொடுக்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அட்டையைப் பிரிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல கடைக்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஒரு மருந்து தரமற்றது என்று பின்னால் தெரியவந்தால், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இன் 19(3) பிரிவு கடைக்காரரைக் காப்பாற்றும். அதற்கு மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும்: உரிமம் உள்ளவரிடம் வாங்கினீர்கள், குறை உங்களுக்குத் தெரியாது என்பதோடு உரிய கவனம் எடுத்தும் கண்டுபிடித்திருக்க முடியாது, முறையாகச் சேமித்து, வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தீர்கள். பிரித்த மாத்திரைக்குப் பேட்ச் எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. மூன்றாவதை எதை வைத்துக் காட்டுவீர்கள்?

அடுத்தது, அந்த வாட்ஸ்அப் பட்டியல். அது மருந்துச் சீட்டே அல்ல. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் அதே சீட்டுக்கு மறுமாதம் கொடுக்கவும் கூடாது. மருத்துவமனை, நர்ஸிங் ஹோம் போன்றவற்றுக்கு ஷெட்யூல் எச் மருந்துகளை (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை) கையொப்பமிட்ட எழுத்து ஆர்டரின் பேரில் கொடுக்கலாம். அந்த ஆர்டரை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெறும் தங்குமிடமாக நடக்கும் முதியோர் இல்லத்துக்கு இந்தச் சலுகை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு வேண்டும். அல்பிரஸோலம், ஸோல்பிடெம் போன்ற, கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடும் வேண்டும். அதை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். விதிமீறலுக்கு அதே 1940 சட்டத்தின் 27(d) பிரிவில் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை சிறை, குறைந்தது 20,000 ரூபாய் அபராதம். உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 66-ஆவது விதி இடம் தருகிறது. அந்த ஆணை வந்தால் மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த மாதத்துப் பில் நகல்கள், கொள்முதல் பில்கள், டெலிவரிப் பதிவு, அன்று பணியில் இருந்த பார்மசிஸ்ட்டின் வருகைப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பழைய தேதி போட்டு சீட்டு வாங்கி வைப்பதுதான் பெரிய தவறு. கவனக்குறைவு வழக்கு அதனால் போலி ஆவண வழக்காகிவிடும். அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று இல்லத்திடம் எழுத்தில் கேட்டு, தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போக வேண்டும்.

மற்ற முதியவர்களுக்கு அடுத்த மாத டப்பாவை இதே முறையில் அனுப்பாதீர்கள். அட்டையோடு, ஆளுக்கொரு பையாக, பெயரும் வேளையும் எழுதிக் கொடுங்கள். தினமும் எடுத்துத் தருவது இல்லத்தின் செவிலியர் வேலை. டப்பா கட்டாயம் தேவை என்றால் அவரவர் சீட்டின்படி, ஒரு நேரத்தில் ஒருவருடையதை மட்டும் மேசையில் வைத்து நிரப்ப வேண்டும். ஒருவர் போட, பார்மசிஸ்ட் சீட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். மூடியில் மருந்தின் பெயர், பேட்ச், காலாவதி, மாத்திரையின் நிறமும் வடிவமும் இருக்கட்டும். சோடியம் வால்ப்ரோயேட், டாபிகாட்ரான் இரண்டும் ஈரத்தில் கெடும். அவற்றை டப்பாவில் போடவே கூடாது. வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் தினசரி அறைகளில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனியாகக் கொடுங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் போய்ச் சேர வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அது ஷெட்யூல் சி என்ற தனிப் பட்டியலில் வருவதால், உங்களிடம் சாதாரண மருந்துகளுக்கான படிவம் 20 உரிமம் மட்டும் இருந்தால் போதாது, படிவம் 21 உரிமமும் வேண்டும்.

அந்த அம்மாவின் மருத்துவச் செலவைக் கொடுத்துச் சமரசமாகப் போக மகன் சம்மதித்தால் தயங்காதீர்கள். ஒரு முதியவரின் உயிரோடு விளையாடிய தவறு இது. இல்லத்தையும் சேர்த்து மூன்று தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தமாக எழுதுங்கள். ஆனால் அது நஷ்டஈட்டுக் கோரிக்கையைத்தான் முடிக்கும். மருந்து ஆய்வாளர் எடுக்கும் நடவடிக்கையை அது தடுக்காது.