அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் வாத்து வேட்டைப் பருவத்தின் தொடக்க வாரங்கள் எப்படியிருக்கும்?

செப்டம்பர் இறுதியில் பருவம் திறந்தவுடன் சென்றால் பறவைகள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் அப்போது தென்படுபவை பெரும்பாலும் அங்குள்ள குட்டைகளிலேயே பொரிந்து வளர்ந்த மல்லார்டு வாத்துகளும் கனடா பெருவாத்துகளும்தான். வடக்கிலிருந்து வரும் பெருங்கூட்டங்கள் குளிர் இறுகிய பின்னரே வந்திறங்கும், நீலச்சிறகுக் கிளுவைகள் என்னும் சிறு வாத்துகளோ அதற்குள் தெற்கே கிளம்பத் தொடங்கியிருக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது அடையாளம் காண்பதில்தான். கோடையில் இறகுதிர்த்த ஆண் மல்லார்டுக்குப் பச்சைத் தலை முழுதாகத் திரும்பியிராததால், தொலைவிலிருந்து பார்க்க அதுவும் பெட்டையைப் போலவே பழுப்பாகத் தெரியும். ஒரு நாளில் சுடக்கூடிய பெட்டைகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு இருப்பதால் இது சிறிய விஷயமன்று. அலகைப் பாருங்கள்: ஆணுக்கு மங்கிய மஞ்சள், பெட்டைக்குக் கருந்திட்டு படிந்த ஆரஞ்சு.

பெருவாத்துகள் காலையிலும் மாலையிலும் அறுவடை முடிந்த கோதுமை, பார்லி வயல்களில் சிந்திய மணிகளை மேய வரும். ஆகவே முந்தைய மாலையே அவை இறங்கும் வயலைக் கண்டுவைத்து, உரிமையாளரிடம் அனுமதி பெற்று, விடியுமுன் அங்கே அவற்றை ஈர்க்கும் பொம்மை வாத்துகளைப் பரப்புவது நல்லது. வறண்ட ஆண்டென்றால் எஞ்சிய நீர்நிலைகளில் பறவைகள் நெருக்கமாகக் கூடும். வாத்து, பெருவாத்து போன்ற நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளுக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை உள்ளதால் எஃகுக் குண்டுகளையே எடுத்துச் செல்லுங்கள். பகல் வெயில் இன்னும் சுடும் காலமாதலால், சுட்ட பறவையின் குடலை உடனே நீக்கிப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும்.