இணைய உதவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் அப்பா ஊர்க் கோயிலின் வரலாற்றை 2002இல் கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். அவர் காலமான பிறகு மருமகனின் மடிகணினியில் திறந்தோம். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடக்கிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?
– வாசகி, வவுனியா

பழுதாகவில்லை அம்மா. அப்பா எழுதியது ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் உள்ளே இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல் வர வேண்டிய இடம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அங்கே ஜே, கே, பி, ஓ என்று நான்கு சின்ன ஆங்கில எழுத்தும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் இருந்தால், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஜே-தான் த, கே-தான் ம, பி என்பது அந்த ம-வை மி ஆக்கும் மேல்வளைவு, ஓ என்பது ழ. அரைப்புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளி. பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள் மொய்த்துக் கிடப்பது இதனால்தான்.

அந்தக் கால எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் மேலே போர்த்திய தமிழ் விலகி, அடியில் உள்ள ஆங்கிலம் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடு, தமிழுக்கென்று தனியாக 128 இடங்களை 1991இலேயே ஒதுக்கிவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது 2000ஐ ஒட்டித்தான். நான் அச்சகத்தில் டி.டி.பி. பார்த்த நாட்களில் வந்த பிளாப்பிகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் மூலக் கோப்பை அப்படியே நகல் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வையுங்கள். அதில் கை வைக்காதீர்கள். பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஓர் எழுத்துருமாற்றியில் ஒரே ஒரு பத்தியை ஒட்டி, பாமினியிலிருந்து யூனிகோடு என்று தெரிவு செய்து மாற்றிப் பாருங்கள். வாசிக்க முடிந்தால் மீதியையும் மாற்றலாம். குழறினால் அது பாமினி அல்ல, திஸ்கி, டாப், டாம் என்று மற்றப் பழைய குறியீட்டு முறைகளை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கவனம். அப்பா இடையிடையே ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் எழுத்துருமாற்றி அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். பொருளற்ற தமிழெழுத்துக் கூட்டம் எங்காவது கண்ணில் பட்டால், மூலக் கோப்பில் அதே வரியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரோ அரசாணையின் தலைப்போ இருக்கும். இதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது. அப்பாவின் எழுத்து நடையைத் தெரிந்தவர் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டால்தான் உண்டு.

முடிந்ததும் ஒரு பிரதியை நூலகம் மின்னூலகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள். 2005இல் தொடங்கி, ஈழத்து நூல்கள், இதழ்கள், கோயில் மலர்கள் என்று தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஓர் ஊரின் வரலாறு ஒரே மடிகணினியில் தங்கியிருக்க விடாதீர்கள்.

தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் 'பசலி 1340' என்றும், புரியாத வேறு பல சொற்களும் இருக்கின்றன. பழைய சொற்களுக்கு எந்த அகராதி?
– வாசகர், திண்டிவனம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னிணைப்பு 1939இல். லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் அது முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. வின்சுலோ, பப்ரிசியஸ் அகராதிகளும் பக்கத்திலேயே உண்டு. பத்திரச் சொற்களில் பாரசீகம், அரபு, உருது வழி வந்தவை ஏராளம். எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் லெக்சிகன் குறிக்கும். தேடுபொறியில் கிடைக்கும் முதல் பொருளை நம்பி நில விஷயத்தில் இறங்காதீர்கள்.

பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு. 590 கூட்டுங்கள். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். நல்ல தளம் கிடைத்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். யாரும் திறப்பதில்லை.
– வாசகர், பட்டுக்கோட்டை

குழுவில் போடுவதை நிறுத்திவிட்டு ஆள் பார்த்துக் கொடுங்கள் ஐயா. வெறும் இணைப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் இப்போது பயம், அந்தப் பயம் நியாயமும்கூட. 'மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்கள், இலவசம்' என்று அனுப்புவதைவிட, கம்பராமாயணம் வாசிக்க ஆசைப்படும் நண்பருக்கு அவர் தேடும் காண்டத்தையே திறந்து காட்டி, அந்தப் பக்கத்தை அவர் கைப்பேசியில் குறித்து வைத்துவிடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாடு நாடாக இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாருடைய உழைப்பு என்று தெரிந்தால் தாமும் அடுத்தவருக்குச் சொல்வார்கள்.

இன்னொன்று, அனுப்புவதற்கு முன் நீங்கள் அதை உபயோகித்துப் பார்த்திருக்க வேண்டும். 'பயனுள்ள 50 தளங்கள்' பட்டியல்களை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அனுப்புகிறவரே ஐம்பதையும் திறந்திருக்க மாட்டார்.

பி.டி.எப். கோப்புகளை ஒன்றாக்கும் இலவசத் தளங்களில் ஆதார், பான் நகல்களை ஏற்றலாமா?
– வாசகி, ஓசூர்

வேண்டாம். ஏற்றிய கணமே உங்கள் நகல் வேறொருவர் கணினியில் இருக்கிறது. 'ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்று அவர்கள் எழுதியிருந்தாலும் அழித்ததை நீங்கள் பார்க்க முடியாது. பி.டி.எப்.சாம் பேசிக் என்ற மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டும் வேலை செய்யும், காசும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்றால் எந்தத் தளத்திலும் ஏற்றலாம். ஆதார் நகல் கேட்கிற இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஆதார் ஆணையத் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

குறித்து வைத்த தமிழ்ப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. மீட்க வழி உண்டா?
– வாசகர், கோவை

பல சமயம் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதன் வேபேக் மெஷின் பக்கத்தில் பழைய முகவரியை ஒட்டினால் நாட்காட்டி ஒன்று விரியும். வட்டமிட்ட தேதிகளில் அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மறைவதற்குச் சற்று முந்தைய தேதியைத் திறந்து பாருங்கள். 2009இல் ஜியோசிட்டிஸ் மூடியபோது ஆரம்பகாலத் தமிழ்த் தளங்கள் பல அதோடு போயின. அவற்றில் சிலதை நான் படித்ததே இப்படித்தான்.

இனிமேல் பிடித்த பக்கம் கண்ணில் பட்டால், அதே இடத்தில் கீழே இருக்கும் 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் முகவரியை ஒட்டி அழுத்திவிடுங்கள். அரை நிமிட வேலை. உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கத்தைப் பிற்பாடு தேடி வருகிற எவருக்கும் கிடைக்கும்.