பட்டுக்கு உள்ளே லெக்கிங்ஸ்: ஒட்டாமல் இருக்க

லெக்கிங்ஸ் அப்படியே இருக்கட்டும், பாவாடையை மாற்றுங்கள். ஜனவரியில் டொரன்டோ கல்யாணத்துக்கு உள்ளே லெக்கிங்ஸ் போட்டுப் பட்டு கட்டினால் சேலை காலோடு ஒட்டி மடிப்பெல்லாம் கலைகிறது, பாதமும் விறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

ஒட்டுவது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது சாட்டின் பாவாடையால்தான். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும். செயற்கை நூல் உரச உரச நிலைமின்சாரம் ஏறும். பருத்திப் பாவாடை கட்டி, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பாருங்கள். அப்படியும் கொசுவம் காலைச் சுற்றினால், லேசாக ஈரமாக்கிய கையால் பாவாடையின் உள்பக்கத்தை ஒருமுறை தடவுங்கள். பட்டில் ஈரம் படவே கூடாது, தடம் நின்றுவிடும்.

லெக்கிங்ஸ் மெல்லிய மெரினோ கம்பளியாக இருந்தால் இடுப்பில் தடிக்காது. முழுக்கை வெல்வெட் ரவிக்கை அழகுக்கு அழகு, சூட்டுக்குச் சூடு.

பாதத்துக்கு: இரண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம் வேண்டும். செருப்பை மண்டபத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகுங்கள். பனி உருகத் தெருவில் கொட்டிய உப்பு சரிகைக் கரையில் பட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், பார்க்கவே மனசு கேட்காது.

ஒன்றில் மட்டும் கவனம்: காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர் (wind chill) -28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். ஜிமிக்கியை உள்ளே போய்ப் போடுங்கள். வெளியே காதை மூடியே இருங்கள்.