கரும்புச் சக்கை டப்பாவில் சூடான குருமா: கர்ப்பிணிக்கு ஆகுமா?

கேள்வி: என் மனைவிக்கு இது ஆறாவது மாதம். இருவரும் வேலைக்குப் போவதால் வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாடு பார்சல்தான். பிளாஸ்டிக் வேண்டாமென்று, மக்கும் கரும்புச் சக்கை டப்பாவில் தரும் கடையாகப் பார்த்து வாங்குகிறேன். அதிலும் ரசாயனம் உண்டு என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சும்மா பயமுறுத்தவில்லை. ஆனால் குற்றம் கரும்புச் சக்கை மீதில்லை. வெறும் நாரில் குருமாவை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் ஊறி வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. இதற்காகப் பல ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்டு வந்தவற்றில் ஒன்று, பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் ரசாயனக் குடும்பம். சக்கை மக்கிவிடும், இது மக்காது. உரத்தோடு சேர்ந்து வயலுக்குப் போகும். டென்மார்க் 2020-லேயே காகித உணவுப் பொதிகளில் இதைத் தடை செய்தது. எண்ணெய் புகாத காகிதப் பொதிகளுக்கான இந்த ரசாயனங்களின் விற்பனை தங்கள் நாட்டில் நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. எல்லா டப்பாவிலும் இது இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் ‘மக்கும்’ என்ற முத்திரை மட்டும் இருந்தால் ‘ரசாயனம் இல்லை’ என்றாகிவிடாது.

உடம்புக்கு என்ன செய்யும்? இந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.ஏ. என்பதை 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்குவது’ என்ற முதல் பிரிவில் சேர்த்தது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். கொலஸ்டிரால் கூடுவது, தடுப்பூசி போட்டும் எதிர்ப்பு சக்தி குறைவாக உருவாவது, குழந்தையின் பிறப்பு எடை சற்றுக் குறைவது ஆகியவற்றோடும் இந்த ரசாயனங்களுக்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகவும் கடக்கும்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். மேலே சொன்னவை பல்லாயிரம் பேரை ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசங்கள். இதுவரை சாப்பிட்ட பார்சலால் உங்கள் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை, மாதாந்திர பி.பி. பரிசோதனை இரண்டையும் தவறவிடாதீர்கள். பிறந்தபின் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் நான்கும் கூடினால் டப்பாவில் உள்ள ரசாயனம் உணவில் இறங்குவதும் கூடும். சூடான குருமாவோ சாம்பாரோ டப்பாவில் அரைமணி நேரம் கிடப்பது அப்படித்தான். வேறு வழியில்லாத நாளில் வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பேப்பர் கப்புக்கு மாறுவதும் தீர்வல்ல, உள்ளே பூசியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

சரி, என்னதான் செய்வது? நம் வீடுகளில் பரணில் கிடக்கும் எவர்சில்வர் தூக்கை இறக்குங்கள். எதுவும் பூசாத எவர்சில்வர் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசையாது, கழுவினால் மறுபடி புதுசு. 2019-ல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பாத்திரம் கொண்டுபோனால் தள்ளுபடி தந்த ஓட்டல்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இட்லி, பரோட்டாவுக்கு வாழை இலை போதும், ஆனால் இலைக்கு மேல்தான் பேப்பர் சுற்றவேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பல கடைகளில் சாம்பாரைப் பழக்கதோஷத்தில் முதலில் கவரில் கட்டி, அப்புறம் உங்கள் தூக்குக்குள் போட்டுக் கொடுப்பார்கள். கரண்டியை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், நேராகத் தூக்கில் ஊற்றச் சொல்லி.