போயா நாளில் கடற்கரை அளவை: பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமா?

கேள்வி: கடலரிப்பு ஆய்வொன்றில் பொறியியலாளராக இருக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். கடல் நன்றாக வற்றும் என்பதால் மாதாமாதம் பௌர்ணமியன்று கரையை அளக்கிறோம். அது போயா விடுமுறை. 7, 10 வயதுப் பிள்ளைகள் வெளியே போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். வேலைக்கே அவர்களையும் கூட்டிப்போகலாமா?

பதில்: வேண்டாம். அளவை நாளை மாற்றுங்கள்.

சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் கடல் கூடுதலாக வற்றும், கூடுதலாகப் பெருகும். அமாவாசைக்கும் அதே கணக்குத்தான். அமாவாசை பெரும்பாலும் வேலைநாளில் வரும், பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். 'இதுவரை எடுத்த தரவு என்னாவது?' என்று யோசிப்பீர்கள். உயரங்களை நிலையான குறிக்கல்லிலிருந்துதானே எடுக்கிறீர்கள்? அப்படியென்றால் பழையதையும் புதியதையும் தாராளமாக ஒப்பிடலாம். மாற்றும் மாதத்தில் இடைவெளி ஏறக்குறைய இரண்டு வாரம் கூடும் அல்லது குறையும். அதைக் களக்குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

பௌர்ணமியை விடவே முடியாது என்றால் போயாவுக்கு அடுத்த நாள் போங்கள். வற்று உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசமில்லை, ஒரு நாள் தள்ளுவதால் இழப்பது சொற்பம். அலைதான் பெரிய விஷயம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, எந்தத் திதியானாலும் ஸ்டாஃப் (உயரம் அளக்கும் கோல்) பிடிப்பவர் வழக்கமான ஆழத்துக்கு இறங்க முடியாது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் கண்ணை வைத்தவருக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை தெரியாது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கும் மணலுக்கும் நடுவே ரயில் பாதை வேறு ஓடுகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, போயாவுக்கு எங்கே போவது? காலையிலேயே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். மரப்பலகைப் பாதையில் 7 வயதுப் பிள்ளையும் சோராமல் நடக்கும், கொக்கும் நீர்க்காகமும் கிட்டத்தில் தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை கல்கிசைக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஓகஸ்ட் விடுமுறைக்கு நிலாவெளி நல்லது, அப்போது பருவக்காற்றின் அலை கிழக்குக் கரையைத் தாக்காது.

அப்பாவின் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டால், கல்கிசையில் அலை நனைக்கும் விளிம்பில் ஒரு குச்சி நடச் சொல்லுங்கள். அரை மணிக்கொரு தடவை ஈரம் எங்கே நிற்கிறது என்று டேப்பால் அளந்து, கொப்பியில் நேரத்தோடு எழுதட்டும். மூத்தவர் வீட்டில் வரைபே போட்டுவிடுவார். உங்கள் கருவிகள் மட்டும் அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள்: தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டித்தான் வரும். அந்த மாத அளவையை இரண்டு நாள் தள்ளி வைக்க இப்போதே குழுவிடம் சொல்லிவிடுங்கள்.